பழைய பெட்டியிலேயே புது விளக்கு

வாசல் சுவரில் விளக்கு ஒயர் வந்து நிற்கும் பழைய பெட்டி இருந்தால் புதிதாகக் கொத்த வேண்டாம். முதலில் டெஸ்டர் எரிகிறதா என்று கரண்ட் வரும் பிளக் பாயின்ட்டில் பார்த்துவிட்டு, எம்.சி.பி.யை (போர்டில் அந்த லைனை நிறுத்தும் சுவிட்சை) இறக்குங்கள். இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள், மெயின் இல்லாவிட்டாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் வரும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அப்புறம் பெட்டிக்குள் எல்லா ஒயரிலும் டெஸ்டரை வையுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம், பழைய வீடுகளில் கைக்குக் கிடைத்ததை இழுத்திருப்பார்கள்.

விளக்கோடு வரும் பட்டையின் துளை பெட்டியின் காதோடு (திருகு ஏறும் துளையோடு) பெரும்பாலும் ஒத்துவராது. ஒற்றைத் திருகில் தொங்கவிடாமல், ஒயர் பைப் நுழையும் கோட்டைத் தவிர்த்துச் சுவரில் திருகுக்கான பிளாஸ்டிக் பிளக் அடித்து முடுக்குங்கள். விளக்கின் ஒயர் மெல்லிய பல இழை; முறுக்கி, இரண்டாக மடித்துக் கனெக்டரில் விட்டால்தான் திருகு கவ்வும். எர்த் ஒயரே இல்லையா? இரும்பு விளக்கை விட்டுவிட்டு, எர்த் தேவைப்படாத பிளாஸ்டிக் உடல் விளக்காக வாங்குங்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவை, பொள்ளாச்சிப் பக்கம் சாரலைப் பக்கவாட்டில் அடிக்கும். வெளிச்சுவர் என்றால் விளக்கு சுவரைத் தொடும் மேல் விளிம்பிலும் இரு பக்கமும் சிலிக்கோன் பசை பூசி, அடியை மட்டும் விடுங்கள். உள்ளே புகுந்த நீர் அதன் வழியே வழிந்துவிடும்.