கம்ப்யூட்டர் பாடத்தை நோட்பேடில் தொடங்குங்கள்

முதல் வருடம் சேர்ந்ததுமே லேப்டாப் தேடி ரிச்சி தெருவில் அலைய வேண்டாம், காலேஜ் லேப் கம்ப்யூட்டரே போதும். விண்டோஸில் எழுத்து அடிக்க உதவும் நோட்பேடைத் திறந்து ஆங்கிலத்தில் ஏ, எம், எம், ஏ என்று நான்கு எழுத்து மட்டும் அடித்துச் சேமித்து, அந்த ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராபர்டீஸில் அளவைப் பாருங்கள்: 4 பைட். அப்புறம் இன்னொரு ஃபைலில் தமிழில் அம்மா என்று அடித்து, யுடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கும் ஒரு முறை) ஆகச் சேமியுங்கள். 15 பைட் காட்டும்.

ஏன் இவ்வளவு? உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் அது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். பழைய விண்டோஸில் 18 வந்தால் பயப்படாதீர்கள், அது ஃபைலின் தொடக்கத்தில் 3 பைட் அடையாளம் ஒன்றைச் சேர்க்கும். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. சரி, இப்போது உங்கள் பெயரை அடித்து, எத்தனை பைட் என்று முதலில் நீங்களே கணக்குப் போட்டுவிட்டு அளவைப் பாருங்கள்.