ஆயிரம் ஆல்பம் பட்டியலை எப்படிக் கேட்பது? தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

கேட்டே ஆகவேண்டிய ஆயிரம் ஆல்பங்கள் என்ற வகையில் ஒரு பட்டியல் கைக்குக் கிடைத்ததும், எல்லோரையும்போல நானும் முதல் எண்ணிலிருந்து பிடித்துக்கொண்டேன். நாளுக்கு ஒன்று. கேட்டு முடித்ததும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். அறுபத்து மூன்றாவதோடு அது நின்றுபோனது. அலுத்துப்போய் நிறுத்தவில்லை, ஒருநாள் பழைய பக்கங்களைப் புரட்டியபோது, கேட்டதில் ஏழெட்டைத் தவிர எதுவுமே நினைவில் இல்லை என்று தெரிந்தது. “3.5” என்று எழுதியிருக்கிறேன். எதற்கு மூன்றரை? ஒரு பாட்டின் முதல் வரிகூட நினைவுக்கு வரவில்லை.

சில மாதங்கள் கழித்து வேறு விதமாகத் தொடங்கினேன். இப்போது இருநூறைத் தாண்டியிருக்கிறேன். கீழே இருப்பது அந்த இரண்டாவது முயற்சியின் வழிமுறை. இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஹெட்ஃபோனும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

படி 1: முதலில் கணக்குப் போடுங்கள்

ஒரு ஆல்பம் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் ஆல்பங்களுக்கு 750 மணி நேரம். நாளுக்கு ஒன்று என்றால் இரண்டே முக்கால் ஆண்டு. ஆனால் நாளுக்கு ஒன்று என்பது விழுங்குவது. மென்று தின்பது ஆகாது. நான் சொல்வது வாரத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு முறை. அந்த வேகத்தில் ஆயிரத்தை முடிக்க ஒன்பதரை ஆண்டுக்கு மேல் ஆகும். எனவே பட்டியலிலிருந்து நூறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு என்றால் ஐம்பது வாரம், கண்ணுக்கு எட்டும் தூரம்.

படி 2: பட்டியலை வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003-இல் வெளியிட்ட ஐந்நூறு ஆல்பங்களின் பட்டியலில் பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ முதலிடத்தில் இருந்தது. அதே பத்திரிகை 2020-இல் வேறு வாக்காளர்களைக் கேட்டுப் புதிதாகத் தயாரித்தபோது அது 24-ஆம் இடத்துக்கு இறங்கியது. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் இரண்டு ஆல்பங்களிலும் ஒரு சுரம்கூட மாறவில்லை. கேட்டவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

இவ்வகைப் பட்டியல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசும் விமர்சகர்கள் தொகுத்தவை. ராக் இசையின் பக்கம் சாய்ந்தவை. நூறைப் பொறுக்கும்போது பத்து இடங்களை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். இந்துஸ்தானி இசைக் கலைஞர்களான சிவ்குமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா, பிரிஜ்பூஷண் காப்ரா மூவரும் சேர்ந்து 1967-இல் தந்த ‘கால் ஆஃப் தி வேலி’ எனக்கு அப்படி வந்து சேர்ந்தது. காஷ்மீரத்து ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாள், காலை ராகத்தில் தொடங்கிப் பொழுதோடு நகர்கிறது. ஆல்பம் என்றால் தனிப்பாடல்களின் மூட்டையல்ல, தொடக்கமும் முடிவும் உள்ள ஒன்று என்பது எனக்கு முதலில் புரிந்தது அதில்தான்.

படி 3: செயலியை அடக்கி வையுங்கள்

சலிப்பூட்டும் படி, ஆனால் தவிர்க்க முடியாதது. நீங்கள் பயன்படுத்தும் இசைச் செயலியில் மூன்று வசதிகளை அணைத்துவிடுங்கள்: பாடல்களைக் கலைத்துப்போடும் ஷஃபிள், ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றும் வசதி, ஆல்பம் முடிந்ததும் “இதுபோன்ற வேறு பாடல்கள்” என்று தானாகவே தொடர்ந்து ஓடும் வசதி. மூன்றாவதுதான் மிக மோசம். கடைசிப் பாட்டுக்குப் பின் வரும் அமைதியும் ஆல்பத்தைச் சேர்ந்தது. அதில் வேறு யாரோ நுழைந்து பாடத் தொடங்கினால் எரிச்சலாக இருக்காதா?

அடுத்து, சரியான பதிப்பைப் பாருங்கள். ஒரு முறை நான் ஒரு ஆல்பத்தை மூன்று நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு நீளமா, அதுவும் ஒரே பாட்டு ஏன் நான்கு முறை வருகிறது, இதுதான் அந்தக் காலத்துப் புரட்சியோ என்றெல்லாம் யோசித்தேன். பிறகுதான் தெரிந்தது, அது ஆண்டு நிறைவுச் சிறப்புப் பதிப்பு என்று. ஒத்திகைகளும் கழித்துக்கட்டிய பதிவுகளுமாக முப்பதுக்கும் மேற்பட்ட தடங்கள் பின்னால் ஒட்டப்பட்டிருந்தன. மூல ஆல்பம் முதல் நாளே முடிந்திருக்கிறது. அதனால், தொடங்கும் முன் மூலப் பதிப்பில் எத்தனை பாடல்கள் என்று பார்த்துக்கொண்டு, அத்தனையோடு நிறுத்துங்கள்.

இதற்கு மேல் எந்த மறுபதிப்பு சிறந்தது என்ற ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ 1959-இல் வந்தபோது, ஒலிப்பதிவுக் கருவியின் வேகக் கோளாறால் இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் சுருதி சற்றே ஏறியிருந்தது. 1990-களில்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அந்தத் தவறான சுருதியில்தான் அதன்மேல் காதல் கொண்டது.

படி 4: பக்கம் பக்கமாகக் கேளுங்கள்

இந்தச் செய்முறையில் ஒன்றை மட்டும்தான் பின்பற்றுவீர்கள் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிட இசைதான் அடங்கும். நீண்ட இசை என்றால் பல தட்டுகளை உறைகளில் இட்டு, புகைப்பட ஆல்பம்போலத் தைத்து விற்றார்கள். ஆல்பம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 22 நிமிடம். அதன் பிறகு குறுந்தகடு வரும்வரை, ஏன் அதற்குப் பிறகும் சில காலம், ஆல்பம் செய்தவர்கள் எல்லோரும் இந்த இருபத்துச் சொச்சம் நிமிடங்களை மனத்தில் வைத்துத்தான் பாடல்களை அடுக்கினார்கள். முதல் பக்கத்தை எதில் முடிப்பது, தட்டைத் திருப்பிப் போட்டதும் எது காதில் விழ வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பெரிய கவலை.

செயலியில் இந்தத் திருப்பம் தெரிவதே இல்லை. ஐந்தாம் பாட்டு முடிந்ததும் ஆறாவது வந்துவிடுகிறது. பாப் மார்லியின் ‘எக்ஸோடஸ்’ (1977) ஆல்பத்தை அப்படித்தான் ஒரே மூச்சில் கேட்டேன். நடுவிலேயே மனிதர் திடீரென்று குணம் மாறிவிட்டதுபோலத் தோன்றியது. ஏன் என்று விளங்கவில்லை. பிறகு பக்கம் பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஐந்து பாடல்கள்: அநீதி, குற்ற உணர்வு, தீர்ப்பு, கடைசியில் ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் தலைப்புப் பாடலில் ஒரு மக்கள் கூட்டத்தின் பயணம். தட்டைத் திருப்பினால் ‘ஜாமிங்’. ஆட்டம், காதல், ஆறுதல், எல்லோரும் ஒன்று என்ற வாழ்த்து. நடுவில் இருந்தது ஒரு வாசல். நான் அதைக் கவனிக்காமல் சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன்.

அதே 1977-இல் வெளிவந்த டேவிட் போவியின் ‘லோ’ இதைவிடத் தெளிவான பாடம். முதல் பக்கத்தில் சிறுசிறு துண்டுகளாக ஏழு. இரண்டாம் பக்கத்தில் நான்கே நான்கு. பெரும்பாலும் சொல்லே இல்லாத, மெல்ல நகரும் இசை. ஒரு பக்கத்தைக் காலையிலும் மறுபக்கத்தை இரவிலும் கேட்டால் அந்த ஆல்பம் உங்களுக்கு வசப்படும்.

செய்ய வேண்டியது எளிது. மூலத் தட்டில் எந்தப் பாட்டோடு முதல் பக்கம் முடிந்தது என்று பார்த்து, அந்த இடத்தில் நிறுத்துங்கள். எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். நேரமில்லை என்றால் அடுத்த பக்கம் நாளைக்கு. முக்கால் மணி நேரம் கிடைக்காதவர்களுக்கும் இருபது நிமிடம் கிடைக்கும்.

படி 5: முதல் முறை சும்மா, இரண்டாம் முறை ஒன்றைப் பிடித்துக்கொண்டு

முதல் முறை கேட்கும்போது தீர்ப்பு எழுத வேண்டாம். நடக்கலாம், துணி மடிக்கலாம். இரண்டாம் முறை மட்டும் உட்கார வேண்டும். உட்கார்ந்து, ஒரே ஒரு கருவியையோ குரலையோ பின்தொடர வேண்டும்.

‘கைண்ட் ஆஃப் புளூ’வின் முதல் தடமான ‘சோ வாட்’டில் இதைச் செய்து பாருங்கள். தொடக்கத்தில் அரை நிமிடத்துக்குப் பியானோவும் பேஸ் என்ற கனத்த ஒலியுள்ள தந்திக் கருவியும் தாளக்கட்டு இல்லாமல் தடவிப் பார்க்கின்றன. பிறகு பேஸ் மெட்டை எடுக்கிறது. வழக்கமாக அடியில் கிடந்து தாங்கும் கருவி இங்கே முன்னால் வந்து கேள்வி கேட்கிறது. பியானோ இரண்டே அடியில் பதில் சொல்கிறது. சற்று நேரத்தில் அந்த இரண்டடிப் பதிலை ட்ரம்பெட்டும் சாக்ஸபோன்களும் வாங்கிக்கொள்கின்றன. இப்போது பேஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மெட்டு ஒரே இடத்தில் இரண்டு முறை வரும். மூன்றாம் முறை அப்படியே அரைச் சுரம் மேலே ஏறும். நான்காம் முறை பழைய இடத்துக்கு இறங்கும். ஒன்றரை நிமிட அளவில் சிம்பல் ‘ஜங்’ என்று ஒலிக்க, மைல்ஸின் தனி வாசிப்பு தொடங்குகிறது. அதுவும், அடுத்து வரும் ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் வாசிப்பதும் இதே சட்டத்துக்குள்தான். மேலே ஏறும் அந்த இடத்தை ஒருமுறை காது பிடித்துவிட்டால், ஒன்பது நிமிடமும் கதை கேட்பதுபோல ஆகிவிடும்.

ஒரு சிறு குறிப்பு: அந்தத் தனி வாசிப்புகள் நிற்கும் சுர வரிசை நம் கரகரப்பிரியாவின் சுரங்களேதான். ஜாஸ் புரியாது என்று ஒதுங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

படி 6: மதிப்பெண்ணுக்குப் பதில் இரண்டு வரி

நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி. காதில் விழுந்ததை மட்டும் எழுத வேண்டும். “அருமை”, “சுமார்” இரண்டுக்கும் தடை. என் நோட்டில் இருப்பது இப்படி:

“எண் 41. எக்ஸோடஸ். முதல் பக்கம்: கடைசிப் பாட்டில் நடை நிற்கவே இல்லை, ஊதுகருவிகள் பின்னாலிருந்து தள்ளுகின்றன. இரண்டாம் பக்கம்: அதே ஆள் முகம் கழுவிவிட்டு வந்தாற்போல்.”

ஓராண்டு கழித்து இந்த வரியைப் படித்தாலே இசை காதுக்கு வந்துவிடுகிறது. மூன்றரையால் அது முடியவில்லை.

படி 7: வரிசையை நீங்களே போடுங்கள்

ஆண்டு வரிசையில் போனால் 1950-களிலேயே மாதக்கணக்கில் தங்க நேரும். அகர வரிசை அர்த்தமற்றது. நான் சோடி போடுகிறேன்.

ராப் பாடகர் நாஸின் ‘இல்மாட்டிக்’ (1994) என் முதல் முயற்சியில் ஐந்துக்கு இரண்டு வாங்கியது. ராப் என்றால் வேகமாகப் பேசுவது என்பதே அப்போது என் அபிப்பிராயம். இரண்டாம் முயற்சியில் அதை ஒரு ஜாஸ் வாரத்தின் முடிவில் வைத்தேன். ‘தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்’ பாட்டில் சுழன்று சுழன்று வரும் பியானோ, அகமது ஜமால் என்ற ஜாஸ் கலைஞர் வாசித்ததன் ஒரு துண்டு. இன்னொரு பாட்டின் கடைசியில் ஊதும் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற கருவி) நாஸின் தந்தை ஒலு டாராவுடையது. அவரே ஜாஸ் கலைஞர். ஆல்பம் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த வாரம் அதை நான்கு முறை கேட்டேன். ராப் கேட்கும்போது முதல் முறை வரிகளைத் தேடாதீர்கள், தாளத்தின்மேல் சொற்கள் எங்கே விழுகின்றன என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கத்திய செவ்வியல் இசைக்கு நான் சொல்லும் சோடி ஒரே மனிதரின் இரண்டு பதிவுகள். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1741-இல் வெளியிட்ட ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ஸை பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955-இல் பியானோவில் பதிவுசெய்தபோது அது 38 நிமிடம். 1981-இல் மீண்டும் பதிவுசெய்தார், 51 நிமிடம். சில பகுதிகளைத் திருப்பி வாசித்தது ஒரு காரணம். தொடக்கத்தில் வரும் ஏரியா என்ற மெட்டை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்: இளைஞர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்ததை, ஐம்பதை நெருங்கும்போது மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். ஹெட்ஃபோனில் கேட்டால் வாசித்துக்கொண்டே அவர் முனகுவதும் கேட்கும். பாக் பழகிய பிறகு, பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக இளையராஜா 1986-இல் தந்த ‘ஹவ் டு நேம் இட்’ கேளுங்கள். “என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்” என்று ஒரு தடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார். அந்தத் தலைப்பின் குறும்பு அப்போதுதான் பிடிபடும்.

‘லோ’வின் இரண்டாம் பக்கம் பிடித்திருந்தால், அதில் பங்கேற்ற பிரையன் ஈனோவின் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ (1978) அடுத்தது. அதற்குப் படி 5 பொருந்தாது. பின்தொடர அதில் எதுவும் இல்லை. விட்டுவிடுங்கள், அறையில் அதுபாட்டுக்கு ஓடட்டும்.

படி 8: பிடிக்காதவை

இரண்டு முறை கேட்டும் ஒட்டவில்லை என்றால் நோட்டில் ஓரமாக ஒரு புள்ளி வையுங்கள், அடுத்ததற்குப் போங்கள். மூன்றாம் முறை உடனே கேட்காதீர்கள், வெறுப்புதான் வளரும். ஆறு மாதம் ஆனதும் புள்ளி வைத்தவற்றில் ஒன்றை, பெயரைப் பார்க்காமல், யாரையாவது போடச் சொல்லிக் கேளுங்கள். என் நோட்டில் இப்போது முப்பத்தொரு புள்ளிகள். போன வாரம் ஒன்றை அழித்தேன்.