பத்துக்குப் பத்து அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

முதலில் அளவு நாடாவை எடுத்து அறையை அளந்துகொள்ளுங்கள், கடைக்குப் போவது அப்புறம். வன்னியில் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடுகளில் அறைகள் பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி, அல்லது ஒரு சாண் கூடக்குறைய இருக்கும். சீமெந்துக்கல் சுவர், வழுவழுப்பான சீமெந்து நிலம், மேலே ஓடோ சீற்றோ. நடுவில் நின்று ஒருதரம் கையைத் தட்டிப் பாருங்கள். சத்தத்துக்குப் பின்னால் "ட்ரிர்ர்" என்று ஒரு வால் இழுபட்டால், எத்தனை ஆயிரம் கொடுத்து எந்தப் பெட்டி வாங்கினாலும் அந்த வாலும் பாட்டோடு சேர்ந்துதான் வரும்.

இது தெரியாமல்தான் நான் மாட்டுப்பட்டேன். வவுனியாவில் ஒரு கடை, பெரிய ஹோல், எட்டங்குல வூஃபர் (அடிச்சத்தம் தரும் பெரிய கூம்பு) போட்ட பெட்டி இரண்டு, தவில் அடி நெஞ்சில் வந்து விழுந்தது. விலை பேசி, ஏ9 வீதியால் போகும் பஸ்ஸில் மடியில் ஒன்று காலடியில் ஒன்று என்று கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். வீட்டில் போட்டால் தவிலைக் காணோம், தண்ணீர்த் தாங்கிக்குள் இருந்து யாரோ குத்துகிற மாதிரி ஒரே முழக்கம், யன்னல் கண்ணாடி வேறு அதற்குத் தாளம் போட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "தம்பி, எந்தக் கோயில்ல திருவிழா?" என்று கேட்டுவிட்டுப் போனா.

பிழை பெட்டியில் இல்லை. எங்கள் ஊர்ச் சூட்டில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 348 மீற்றர் போகும். பத்தடி என்றால் 3.05 மீற்றர், அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவில் அரை அலை கச்சிதமாகப் பொருந்துவது 57 ஹேர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 57 அதிர்வில். அந்தச் சுருதி வந்தாலே அறையும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடும். நீளமும் அகலமும் ஒன்றென்றால் இரண்டு பக்கமும் அதே 57, உயரமும் பத்தடி என்றால் கேட்கவே வேண்டாம். 40 ஹேர்ட்ஸ் வரை இறங்கும் பெரிய பெட்டி இந்த 57ஐத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். ஐந்தங்குல வூஃபர் உள்ள சின்னப் பெட்டியோ எழுபது எண்பது ஹேர்ட்ஸிலேயே இளைக்கத் தொடங்கிவிடும். பெட்டியில் குறைவது அறையில் மிஞ்சிக் கிடக்கிறது, இரண்டும் சேர்ந்தால் கணக்குச் சரி.

பிபிசி 1970களில் எல்எஸ்3/5ஏ என்று ஒரு சின்ன ஸ்பீக்கரை உருவாக்கியது, வெளியிடங்களில் ஒலிபரப்பும் வான் வண்டிக்குள் இருந்து கேட்பதற்காக. ஓரடி உயரம், ஐந்தங்குல வூஃபர், துளையே இல்லாத மூடிய பெட்டி. அதே பிபிசியின் தமிழோசையை நாங்கள் இங்கே கறண்டும் பற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் கேட்டோம் என்பது தனிக்கதை. ஒரு வானுக்குள் மனிதக் குரலைச் சரியாகக் காட்டினால் போதும் என்று செய்த பெட்டி இன்றைக்கும் சின்ன அறைக்கு அளவுகோலாக நிற்கிறது. அதுவே வேண்டும் என்று தேடி அலையாதீர்கள், விலை கையைக் கடிக்கும். அந்த அளவு, அந்த வகை என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

சில பெட்டிகளில் அடிச்சத்தத்தைக் கூட்ட ஒரு துளை விட்டிருப்பார்கள், அது முன்பக்கம் இருப்பது நல்லது. பத்தடி அறையில் பெட்டியைச் சுவரில் இருந்து ஓரடி தள்ளினாலே பெரிய விஷயம், பின்பக்கத் துளை சுவரைப் பார்த்து ஊதிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஒரு சொக்ஸைச் சுருட்டித் துளைக்குள் வைத்துக் கேட்டுப் பாருங்கள், முழக்கம் பாதி அடங்கும்.

பெட்டியில் ஒட்டியிருக்கும் வொட்ஸ் கணக்கை நம்பாதீர்கள். ஆயிரக்கணக்கில் "பிஎம்பிஓ" (ஒரு கண உச்ச வலு) என்று போட்டிருந்தால் அது சும்மா காதில் பூ. பார்க்கவேண்டியது ஒரு வொட்டுக்கு ஒரு மீற்றரில் எத்தனை டெசிபெல் (சத்தத்தின் அளவு) என்பதைத்தான். 85 உள்ள பெட்டியும் 88 உள்ள பெட்டியும் ஒரே சத்தம் போட, இரண்டாவதுக்குப் பாதி வொட்ஸ் போதும். ஆறடி தூரத்தில் இருந்து கேட்கிற ஆளுக்கு முப்பது நாற்பது வொட்ஸ் அம்பிளிபயர் தாராளம்.

பழைய ஜப்பான் சாமான் வாங்குகிறவர்கள் கவனம். ஸ்பீக்கருக்குப் பிரச்சினையில்லை, ஆனால் சோடியாக வரும் அம்பிளிபயரின் பின்பக்கம் 100 வோல்ட் என்று இருந்தால் எங்கள் 230இல் நேரே குத்தினீர்களோ, புகைதான். அதற்கு வோல்ட் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அப்புறம் வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் நல்லது. பஞ்சு என்றால் இந்த வெக்கைக்குப் பத்துப் பதினைந்து வருடத்தில் பழைய பிஸ்கட் மாதிரி உதிரும், விரலில் கறுப்புத் தூள் ஒட்டினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள் அல்லது வந்துவிடுங்கள். அம்பிளிபயர் உள்ளேயே இருக்கிற பெட்டி இடத்துக்கு வசதிதான், ஆனால் ஐப்பசி இடிமின்னலில் அம்பிளிபயர் போர்ட் எரிந்துபோனால் ஸ்பீக்கரும் சேர்ந்து ஊமை. வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கடையில் கேட்கும்போது கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம், உங்கள் போனில் உள்ளதைப் போடச் சொல்லுங்கள். கோயில் கோன் ஸ்பீக்கர் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது, உரப்பாக இருப்பதெல்லாம் நல்லது என்று அதற்கு ஒரு நினைப்பு. அதனால் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். யாராவது செய்தி வாசிப்பது ஒன்று: வாளிக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தால் வேண்டாம். மிருதங்கம் ஒன்று: தொப்பிப் பக்கத்து அடி உடனே நிற்கிறதா, இழுபடுகிறதா? நாதஸ்வரம் ஒன்று: மேல் ஸ்தாயியில் பல் கூசினால் அந்த ட்வீட்டரோடு (மேல்சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்) குடும்பம் நடத்த முடியாது.

வீட்டில், இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஐந்தடி, நீங்கள் இருக்கும் கதிரைக்கும் அதே ஐந்தடி அல்லது கொஞ்சம் கூட. அறைக்கு நட்டநடுவில் இருந்தால் அந்த 57 ஹேர்ட்ஸ் காணாமல் போகும், சுவரில் சாய்ந்தால் வீங்கும், இரண்டுக்கும் இடையில் கதிரையை அரக்கி அரக்கிப் பாருங்கள். ட்வீட்டர் காது உயரத்துக்கு வரவேண்டும். ஸ்ராண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். விழுந்த பனையில் இரண்டு குற்றி மட்டமாக அறுத்தால் அசையாது. நிலத்தில் பாய், யன்னலுக்குத் தடித்த சீலை, பின்சுவரில் புத்தக அலுமாரி. காலபோகம் வெட்டி மாசியில் மூலையில் பத்து மூடை நெல் அடுக்கியிருந்தோம், அந்த இரண்டு கிழமையும் என் அறை பாடினதுபோல் பிறகு பாடவேயில்லை. மூடைகளை மில்லுக்கு ஏற்றும்போது எனக்கு மட்டும்தான் கவலை.

இன்னொன்று. போன வைகாசியில் இடது பெட்டியில் திடீரென்று பாஸ் குறைந்தது. வயரை மாற்றினேன், அம்பிளிபயரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் டோர்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தால் குளவி மண்கூடு கட்டி முடித்திருக்கிறது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன், ஒரு கைப்பிடி செம்மண் கொட்டியது. இப்போது இரண்டு துளையிலும் நுளம்பு வலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன்.