ரேடியேட்டர் சூடாகவில்லையா? கருவியை எடுப்பதற்கு முன் கையால் தொட்டுப் பாருங்கள்

பாய்லரும் ரேடியேட்டரும் கோளாறு செய்தால் பெரும்பாலானோர் முதலில் பாய்லரின் ரீசெட் பொத்தானை அழுத்துகிறார்கள். அது பலன் தராவிட்டால் தொழில்நுட்பரை அழைக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் வீட்டிலிருப்பவரே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. எங்கள் வீட்டில் வெவ்வேறு குளிர்காலங்களில் வந்த கோளாறுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தபோது எனக்கு உறுதியான ஒன்று உண்டு: எந்த ரேடியேட்டர், அதன் எந்தப் பகுதி குளிர்ந்திருக்கிறது என்பதையும், அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்பதையும் முதலில் குறித்துக்கொண்டால், காரணத்தைப் பெரும்பாலும் திருகாணி எதையும் தொடாமலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே எழுதுவது மூடிய அமைப்புக்கு, அதாவது பாய்லரில் அழுத்தமானி பொருத்தப்பட்டு, சூடான நீர் ரேடியேட்டர்களில் சுற்றிவரும் அமைப்புக்குப் பொருந்தும். பரணில் சிறு நீர்த்தொட்டி வைத்த பழைய திறந்த அமைப்பில் அழுத்தம் தொடர்பான பகுதிகள் பொருந்தா, மற்றவை பொருந்தும். மின் இணைப்பு, டைமர், தெர்மோஸ்டாட் ஆகியவற்றை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தொடக்கூடாதவை

நீர் ஓடும் பக்கம் நம்முடையது. எரிவாயு ஓடும் பக்கம் உரிமம் பெற்ற தொழில்நுட்பருடையது. பாய்லரின் மூடியைக் கழற்ற வேண்டிய எந்த வேலையையும் நீங்கள் செய்யாதீர்கள். எரிவாயு வாசம் வந்தால் மின்விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சன்னல்களைத் திறந்து, எளிதில் எட்டினால் மீட்டரின் வால்வை மூடிவிட்டு, வெளியே வந்து அவசர எண்ணை அழையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டுக்குள் இருக்கும்போது தலைவலியும் குமட்டலும் மயக்கமும் வந்து, வெளியே போனதும் தெளிந்தால், அல்லது நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தால், பாய்லரை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியேறி உதவி கேளுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வீட்டில் இந்தக் கட்டுரையின் மற்றப் பகுதிகளைப் படிப்பதற்கு முன் அதை வாங்கிப் பொருத்துங்கள்.

படி 1: தொட்டுப் பார்த்தல்

பாய்லரை இயக்கி, எல்லா ரேடியேட்டர்களின் தெர்மோஸ்டாட் வால்வுகளையும் (எண்கள் குறித்த, கையால் திருப்பும் தலை உள்ளவை) முழுமையாகத் திறந்து, அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகு ஒவ்வொன்றையும் மேலே, நடுவில், கீழே எனத் தொட்டுப் பாருங்கள். சூடு கடுமையாக இருக்கக்கூடும். புறங்கையால் ஒரு கணம் தொட்டாலே போதும்.

மேற்பகுதி குளிர்ந்து கீழ்ப்பகுதி சூடாக இருந்தால் உள்ளே காற்று தேங்கியிருக்கிறது. கீழே நடுப்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் கசடு படிந்திருக்கிறது. ஒரே ஒரு ரேடியேட்டர் முழுவதும் குளிர்ந்து மற்றவை நன்றாக இருந்தால், அதன் தெர்மோஸ்டாட் வால்வின் ஊசி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பாய்லருக்கு அருகிலுள்ளவை கொதித்து, தொலைவிலுள்ளவை வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் நீர் சமமாகப் பங்கிடப்படவில்லை. சமையலறைக் குழாயில் வெந்நீர் வருகிறது, ஆனால் எந்த ரேடியேட்டரும் சூடாகவில்லை என்றால் திசைமாற்று வால்வையோ பம்ப்பையோ சந்தேகிக்க வேண்டும். அவை தொழில்நுட்பரின் வேலை.

படி 2: காற்றை வெளியேற்றுதல்

முதலில் பாய்லரை அணைத்து அமைப்பைக் குளிரவிடுங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது காற்றைத் திறந்துவிட்டால் சில இடங்களில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படலாம். வெளிவரும் நீரும் சுடும். ரேடியேட்டரின் மேல் மூலையிலுள்ள சிறு திருகில் காற்று நீக்கும் சாவியைப் பொருத்தி, கீழே கந்தல் துணியும் கிண்ணமும் பிடித்து, இடஞ்சுழியாகக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை மட்டும் திருப்புங்கள். சீறல் சத்தம் அடங்கி, நீர் இடைவிடாமல் வந்ததும் வலஞ்சுழியாக மூடுங்கள். திருகை முழுவதும் கழற்றிவிட்டால் அழுத்தத்தில் வரும் நீருக்கு எதிராக அதை மீண்டும் பொருத்துவது மிகக் கடினம். கீழ்த் தளத்தில் தொடங்கி மேல் தளத்தில் முடியுங்கள்.

சாவி வாங்கும்போது பித்தளைச் சாவியாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான உலோகக் கலவையில் செய்தவை சில முறை பயன்படுத்தியதுமே உள்விளிம்பு தேய்ந்து, திருகின் சதுரத் தலையையும் மழுங்கடித்துவிடுகின்றன. தலை மழுங்கிய திருகைக் கழற்றுவது காற்றை நீக்குவதைவிடப் பல மடங்கு தொல்லை. நீண்ட மூக்குக் குறடு ஒருபோதும் சாவிக்கு மாற்றாகாது.

படி 3: அழுத்தத்தை ஏற்றுதல்

காற்றை நீக்கினால் அழுத்தம் குறையும் என்பதைப் பல விளக்கங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அதனால்தான் 'காற்றை நீக்கினேன், இப்போது பாய்லரே ஓடவில்லை' என்ற புகார் எழுகிறது. பாய்லர் பழுதாகவில்லை, நீர் போதாமல் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அமைப்பு குளிர்ந்திருக்கும்போது முள் பொதுவாக 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை நிற்க வேண்டும். சூடானதும் 2 பாருக்கு அருகில் ஏறுவது இயல்பு. குறைவாக இருந்தால் பாய்லரின் அடியில் பாருங்கள். கம்பிப் பின்னல் போர்த்த வளையும் குழாய் ஒன்று இருக்கும், அதன் முனைகளில் சிறு வால்வுகள் இருக்கும். சில பாய்லர்களில் இதற்குப் பதிலாக உள்ளேயே ஒரு நெம்புகோலோ தனிச் சாவியோ உண்டு. பின்னல் குழாய் வகையில் முதல் வால்வை முழுவதும் திறந்து, இரண்டாவதை மெல்ல மெல்லத் திறவுங்கள். நீர் ஓடும் ஓசை கேட்கும். முள் 1.3 பாரைத் தொட்டதும் இரண்டையும் மூடுங்கள். இரண்டையும் மூடுவது முக்கியம்: ஒன்றை மட்டும் மூடி, அது இம்மியளவு கசிந்தாலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளியே கொட்டும்.

அழுத்தம் திரும்பத் திரும்ப இறங்கினால்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்; மிகுதியான குழப்பம் இங்கேதான். வாரந்தோறும் நீரை ஏற்றிக்கொண்டே காலம் தள்ளுவது தீர்வு ஆகாது. ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் புது நீரோடு கரைந்த ஆக்சிஜனும் போகிறது. அது எஃகு ரேடியேட்டர்களை உள்ளிருந்து அரிக்கிறது. அந்த அரிப்பே பின்னாளில் கசடாகப் படிகிறது.

முதலில், பாய்லரை இரவில் அணைத்து, குளிர்ந்த பின் முள்ளின் நிலையைக் குறித்து, மறுநாள் காலையில் இயக்குவதற்கு முன் மீண்டும் பாருங்கள். குளிர்ந்த நிலையிலேயே இறங்கியிருந்தால் எங்கோ நீர் கசிகிறது: வால்வுகளின் கழுத்து, ரேடியேட்டரின் அடிவிளிம்பு, தரைக்கு அடியில் செல்லும் குழாய் என்ற வரிசையில் தேடுங்கள். வால்வுகளின் கீழே காகிதக் கைக்குட்டையைச் சுற்றிவைத்தால் கண்ணுக்குத் தெரியாத துளியும் ஈரமாகத் தெரியும்.

குளிர்ந்தபோது மாறாமல், சூடாகும்போது முள் 3 பாரை நோக்கிப் பாய்ந்து, பிறகு குளிரும்போது பூஜ்யத்துக்கு அருகில் விழுந்தால் காரணம் வேறு. நீர் 10 பாகை செல்சியசிலிருந்து 80 பாகைக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 3 சதவீதம் விரிகிறது. 100 லிட்டர் நீர் உள்ள அமைப்பில் இது சுமார் 3 லிட்டர். அந்தக் கூடுதல் நீர் ஒதுங்குவதற்காகவே விரிவுக் கலன் என்ற பாத்திரம் இருக்கிறது. அதன் உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் அடைத்த காற்று. அந்தக் காற்று ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து போனால், விரியும் நீருக்கு ஒதுங்க இடமில்லாமல் அழுத்தம் எகிறுகிறது. பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளியேற்றுகிறது. குளிர்ந்த பின் அந்த நீர் இல்லாததால் முள் விழுகிறது. அந்த வால்வின் நீர் வெளியேறுவதற்காக வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயின் முனையில் ஈரமோ வெள்ளைப் படிவோ இருந்தால் இந்த ஊகம் உறுதியாகிறது.

கலன் பாய்லருக்கு வெளியே தனியாக இருந்தால் அதன் காற்று வால்வைச் சோதிக்கலாம். அது சைக்கிள் பம்ப்பால் காற்றடிக்கக்கூடிய, கார் டயரில் உள்ளதைப் போன்ற வால்வு. நடு ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, கலனை மாற்ற வேண்டும். காற்று மட்டும் குறைந்திருந்தால், அமைப்பைக் குளிரவிட்டு, நீரின் அழுத்தத்தைப் பூஜ்யமாக்கிய பிறகே, கலனின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் குறித்த அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். வீடுகளில் இது பெரும்பாலும் 0.75 முதல் 1 பார் வரை இருக்கும். நீர் அழுத்தத்தை இறக்காமல் அளந்தால் கிடைப்பது பொய்யான அளவு. கலன் பாய்லரின் உள்ளே இருந்தால் தொழில்நுட்பரை அழையுங்கள்; மேலே விவரித்ததை அப்படியே அவரிடம் சொன்னால் அவருடைய நேரம் மிச்சமாகும். பலமுறை திறந்த பாதுகாப்பு வால்வின் வாயில் துகள் சிக்கி அதுவும் கசியத் தொடங்கியிருக்கலாம் என்பதால், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: சிக்கிய ஊசி

ஒற்றை ரேடியேட்டர் குளிர்ந்திருந்தால், தெர்மோஸ்டாட் தலையை உச்ச எண்ணுக்குத் திருப்பி, அதன் வளையத்தைக் கையால் தளர்த்தி எடுங்கள். நடுவில் ஒரு மெல்லிய ஊசி தெரியும். ஸ்பேனரின் தட்டையான பக்கத்தால் அழுத்தினால் அது சில மில்லிமீட்டர் உள்ளே போய், விட்டதும் தானாகத் துள்ளி மேலே வர வேண்டும். வராவிட்டால் வால்வின் உடலை மரக்கட்டையால் மெதுவாகத் தட்டி, ஒரு துளி மசகெண்ணெய் விட்டு, அழுத்தியும் விட்டும் பழக்குங்கள். குறடால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்துவிட்டால் நீர் பீறிட்டு அடிக்கும். கோடை முழுவதும் மூடியே வைத்த வால்வுகளில்தான் இது அதிகம் நேர்கிறது. வெப்பம் தேவையில்லாத மாதங்களில் அவற்றை முழுதாகத் திறந்து வைப்பது நல்லது.

படி 5: சமன் செய்தலும் கசடும்

ரேடியேட்டரின் மறுமுனையில் மூடி போட்ட இன்னொரு வால்வு இருக்கும். நீரின் பங்கீட்டை அதுவே தீர்மானிக்கிறது. தொடுவதற்கு முன், அதை மூடும் வரை எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணி எழுதிவைத்துவிட்டு, முன்பிருந்த நிலைக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். பிறகு பாய்லருக்கு மிக அருகிலுள்ள ரேடியேட்டரில் கால் சுற்று மட்டும் திறந்து வைத்து, தொலைவு கூடக்கூட அதிகமாகத் திறவுங்கள். உள்வரும் குழாய்க்கும் வெளிச்செல்லும் குழாய்க்கும் இடையே பழைய வகைப் பாய்லர்களில் சுமார் 11 பாகையும், கண்டென்சிங் வகையில் (புகையோடு போகும் வெப்பத்தையும் மீட்டெடுக்கும் வகை) 20 பாகை வரையும் வேறுபாடு இருப்பது வழக்கமான இலக்கு. அளப்பதற்குக் குழாயில் கவ்வும் வெப்பமானிகள் இரண்டையே நான் விரும்புகிறேன். அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் செம்பில் குறைத்துக் காட்டும். அதுதான் கையில் இருக்கிறதென்றால் குழாயில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளவிடுங்கள்.

கசடு இருக்கிறதா என்று அறிய, காற்றை நீக்கும்போது வரும் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளியே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் காந்தத்தின் பக்கம் ஒதுங்கினால் அது மாக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. அமைப்பைக் கழுவி, துருத்தடுப்புத் திரவம் சேர்த்து, காந்த வடிகட்டி பொருத்துவதே வழி. கழுவாமல் வடிகட்டியை மட்டும் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாசகர்களின் கேள்விகளுக்குப் பிறகு சேர்த்தவை

திருகைத் திறந்தும் காற்றோ நீரோ வரவில்லை என்று எழுதியவர்களுக்கு: அழுத்தம் பூஜ்யமாக இருக்கலாம், அல்லது துளையைப் பெயிண்ட் அடைத்திருக்கலாம். முள்ளைப் பார்த்த பிறகு துளையை மெல்லிய ஊசியால் சுத்தம் செய்யுங்கள்.

ஒரே ரேடியேட்டரில் மாதாமாதம் வாயு சேர்கிறது என்றால், அது வெளிக்காற்றாக இல்லாமல், அரிப்பினால் உள்ளேயே உண்டாகும் ஹைட்ரஜனாக இருக்கலாம். அது எரியக்கூடியது, அருகில் தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ வேண்டாம். துருத்தடுப்புத் திரவத்தின் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பாய்லருக்குள் கெட்டில் கொதிப்பது போன்ற இரைச்சல் வந்தால், வெப்பப் பரிமாற்றியில் சுண்ணாம்போ கசடோ படிந்திருப்பது பொதுவான காரணம். அதைத் தொழில்நுட்பர் பார்க்கட்டும். கடும் உறைபனி நாளில் கண்டென்சிங் பாய்லர் களகள ஒலியோடு நின்றுபோனால், வெளியே செல்லும் பிளாஸ்டிக் வடிகுழாய் உறைந்திருக்கக்கூடும். தரையில் நின்றபடி எட்டுகிற இடமாக இருந்தால், குழாயின் மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள். கொதிநீர் குழாயை விரிசலாக்கிவிடும். பனி உருகியதும் ஒருமுறை ரீசெட் செய்யுங்கள். மீண்டும் நின்றால், திரையில் தோன்றும் பிழைக் குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டு தொழில்நுட்பரை அழையுங்கள்.