குறிச்சொல்லை நகர்த்தினால் நிறம் மாறாது

அப்சிடியன் என்னும் குறிப்பேட்டுச் செயலியில் குறிப்பெழுதுவோர் பலர், அவசர வேலைகள் சிவப்பாகவும் வீட்டு வேலைகள் பச்சையாகவும் தெரியும்படி சிஎஸ்எஸ் ஸ்னிப்பெட் (தோற்றத்தை மாற்றும் விதிகள் கொண்ட சிறு கோப்பு) எழுதி வைத்துக்கொள்கிறார்கள். “வாடகை கட்ட வேண்டும் #அவசரம் #வீடு” என்று ஒரே வரியில் இரண்டு குறிச்சொற்களும் சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது: வரி பச்சையாகவே நிற்கும். உடனே #அவசரம் என்பதை முன்னால் கொண்டுவருவதும், பலிக்காமற்போனால் பின்னால் தள்ளிப் பார்ப்பதும் வீண்வேலை. குறிப்பில் எந்தச் சொல் முந்துகிறது என்பதை சிஎஸ்எஸ் பார்ப்பதே இல்லை. ஒரே ஸ்னிப்பெட்டில் எடை (எந்த விதிக்கு முன்னுரிமை என்று சிஎஸ்எஸ் கணக்கிடும் அளவு) சமமாக உள்ள இரண்டு விதிகளில் கீழே எழுதப்பட்டதே வெல்லும். ஆகவே நகர்த்த வேண்டியது விதியைத்தான்.

பொறுமையிழந்து விதியின் கடைசியில் ‘இம்பார்ட்டன்ட்’ (மற்ற விதிகளை மீறச் செய்யும் சொல்) சேர்ப்பது அடுத்த தவறு. அன்றைக்குச் சரியானதுபோல் தோன்றும். பிறகு மற்ற விதியிலும் அதையே சேர்க்க நேரும்போது பழைய போட்டி அப்படியே திரும்பிவிடும். அதைச் சேர்க்கும் முன், விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தி எந்த விதிகள் பொருந்துகின்றன என்று காட்டும் டெவலப்பர் கருவியைத் திறந்து பார்க்கலாம். தோற்ற விதி அங்கே குறுக்குக்கோடு போட்டுக் காட்டப்படும்.

சில வேளைகளில் மோதலே இராது, விதி வேண்டாத இடத்தையும் பிடித்திருக்கும். #வீடு/மின்சாரம் போன்ற உட்பிரிவுகளுக்காக “#வீடு என்று தொடங்கும் எல்லாம்” என எழுதினால், தொடர்பே இல்லாத #வீடுமாற்றம் என்பதும் அதில் அகப்படும். சாய்கோட்டுடன் சேர்த்து எழுதி, #வீடு மட்டும் வருவதற்குத் தனி விதி வைப்பதே சரி. ‘ஹேஸ்’ (உள்ளே குறிப்பிட்ட ஒன்று இருந்தால் பொருந்தும் சிஎஸ்எஸ் நிபந்தனை) கொண்டு பட்டியல் வரிகளுக்கு நிறம் தருவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: உள்வரியில் #அவசரம் இருந்தால், அந்த உள்வரி தாய்வரிக்குள் அடங்கியது என்பதால், தாய்வரியும் அதன்கீழ் உள்ள அனைத்தும் சிவந்துவிடும். (படிக்கும் பார்வைக்கு எழுதிய விதி தொகுக்கும் பார்வையில் பெரும்பாலும் வேலை செய்யாது, அங்கே குறிச்சொல்லின் கட்டமைப்பே வேறு.)

என் அனுபவத்தில், எல்லாக் குறிச்சொற்களுக்கும் எழுத்து நிறத்தையே கொடுப்பதுதான் மூலத் தவறு. அவசரத்திற்குப் பின்னணி நிறம், வீடு போன்ற பொருளுக்கு இடது ஓரக்கோடு என்று பிரித்துவிட்டால், வாடகை வரி சிவப்புப் பின்னணியும் பச்சைக் கோடுமாக இரண்டையும் சேர்த்தே காட்டும்.