முதியோர் இல்லத்தில் கைகால் நீவிவிட

முதலில் கேளுங்கள்: "கையைக் கொஞ்சம் நீவிவிடட்டுமாம்மா?" தலையசைக்காவிட்டால் தொடாதீர்கள்.

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, நாலு சொட்டு எண்ணெய் விட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெதுவாக நீவுங்கள். வயதானவர்கள் தோல் வெங்காயச் சருகு மாதிரி, அழுத்தினால் கன்றிப்போகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவர் வலது கையை இறுக மூடியே வைத்திருப்பார். விரலைப் பிடித்து இழுக்க மாட்டேன். புறங்கையை நீவ நீவத் தானாக இளகும். அவர் பேசுவதில்லை, அதனால் புருவத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சுருங்கினால் வலிக்கிறது.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தொடாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். படுத்தே இருப்பவர்களின் இடுப்பிலோ குதிகாலிலோ சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது.

10, 15 நிமிடம் போதும். பாதத்து எண்ணெயை, எழுந்து நடக்கும் முன் துடைத்துவிடுங்கள்.