மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து கதிர்ப்படவியல், கதிர்ச்சிகிச்சைப் பட்டப்பின் படிப்புக்குப் போவது எப்படி?

பாடநெறியின் பெயரைப் பார்த்து விண்ணப்பிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 'மெடிக்கல் இமேஜிங்' என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத படிப்புகள் இருக்கின்றன. படிவத்தைத் திறக்கும் முன் இரண்டு விடயங்களைத் தேடிப் பாருங்கள். முடித்ததும் எந்த நாட்டின் எந்தச் சபை உங்களைப் பதிவு செய்யும்? மேற்பார்வையின் கீழ், இயந்திரத்தின் பக்கத்தில், நோயாளரோடு எவ்வளவு காலம் நிற்பீர்கள்? இரண்டாவதுக்குத் தெளிவான பதில் இல்லாத படிப்பு அறிவைத் தரலாம், வேலை செய்யும் உரிமையைத் தராது.

ரேடியோகிராபர்களுக்கு

ஐக்கிய இராச்சியத்தில் எம்.எஸ்சி இரண்டு வகை. பதிவுக்கு முந்தியது, வேறு துறையில் பட்டம் பெற்றவரைப் புதிதாக ரேடியோகிராபர் ஆக்குவது. வழமையாக இரண்டு ஆண்டு, வைத்தியசாலைப் பயிற்சியும் சேர்ந்தே வரும். அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியை முடித்தவர் எச்.சி.பி.சி.யில், அதாவது ரேடியோகிராபர் போன்ற சுகாதாரத் தொழிலினரைப் பதியும் அந்நாட்டுச் சபையில், பதிய விண்ணப்பிக்கலாம். பதிவுக்குப் பிந்தியது, ஏற்கனவே ரேடியோகிராபராக இருப்பவருக்கு சி.டி, எம்.ஆர்.ஐ, கதிர்ச்சிகிச்சைத் திட்டமிடல் போன்றவற்றை ஆழமாகக் கற்பிப்பது. மொத்தம் 180 கிரெடிட். 60இல் நிறுத்தினால் பட்டப்பின் சான்றிதழ், 120இல் நிறுத்தினால் பட்டப்பின் டிப்ளோமா.

இரண்டாவது வகையை முடித்ததால் மட்டும் பதிவு கிடைக்காது. அதற்கு வெளிநாட்டில் பயின்றவர்களுக்கான வழியில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே உங்கள் இலங்கைப் பயிற்சியை வரிவரியாக எடைபோடுவார்கள். பேராதனைப் பட்டமோ சுகாதார அமைச்சின் டிப்ளோமாவோ, பாடத்திட்டத்தையும் ஒவ்வொரு பாடத்தின் மணித்தியாலங்களையும் படித்த இடத்திலேயே கையொப்பத்தோடு வாங்கி வையுங்கள். ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ் அக்கடமிக்கில் மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5இற்குக் குறையக் கூடாது. எழுத்துப் பகுதியில்தான் பெரும்பாலும் தட்டுப்படும். அதற்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

அவுஸ்திரேலியாவில் பதிவு மூன்று பிரிவு: நோயறி கதிர்ப்படம், கதிர்ச்சிகிச்சை, அணு மருத்துவம். ஒன்றில் பதிந்தவர் அந்தப் பதிவை வைத்து மற்றதில் வேலை செய்ய முடியாது. எக்ஸ்ரே அறையில் பத்து வருடம் நின்ற அனுபவம் லினாக் (புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் இயந்திரம்) அறைக்குக் கணக்கில் வராது.

அல்ட்ராசவுண்டை நினைப்பவர்களுக்கு ஒரு சொல். எங்கள் நாட்டில் ஸ்கேன் பார்ப்பது பெரும்பாலும் கதிரியக்க வைத்திய நிபுணர்தான். ஐக்கிய இராச்சியத்தில் சோனோகிராபர் பட்டப்பின் படிப்பில்தான் பெரும்பாலும் உருவாகிறார். கைப்பழக்கம் தேவைப்படும் வேலை என்பதால் மேற்பார்வையாளரும் பயிற்சி இடமும் கட்டாயம். கல்முனையில் வீட்டிலிருந்தே முழுவதையும் முடிக்கலாம் என்று ஒரு முகவர் சொன்னால் பயிற்சி இடம் எங்கே என்று கேளுங்கள்.

பௌதிகவியல் பட்டதாரிகளுக்கு

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பௌதிகவியல் படித்தவர்களுக்கு மருத்துவ பௌதிகம் நல்ல வழி. எங்கள் பக்கத்தில் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது வருத்தம். பேராதனையிலுள்ள விஞ்ஞான பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் இதற்கு முதுமாணி உண்டு. சேரும்போது இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின் மட்டத்தைப் பாருங்கள்: 9 என்றால் பாடங்கள் மட்டும், 30 கிரெடிட், 10 என்றால் ஆய்வும் சேர்த்து 60. பின்னர் கலாநிதிப் பட்டத்துக்குப் போக நினைப்பவர் 10ஐ எடுப்பது நல்லது.

அங்கே வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில் நடக்கும். மகாஓயா, மகியங்கனை வழியே வாராவாரம் போய்வர வேண்டியிருக்கும். கடமை முறை மாற்றிக்கொள்ள ஒருவரை முன்பே பேசி வையுங்கள்.

முதுமாணியோடு வேலை முடியவில்லை. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் வழிகாட்டலின்படி, மருத்துவ பௌதிகவியலாளராகத் தனித்துப் பொறுப்பேற்க அதற்கு மேல் குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேர வைத்தியசாலைப் பயிற்சி வேண்டும். காரணம் தெளிவு. லினாக்கின் கதிர் வெளியீடு தினமும் 3 சதவீதத்துக்குள் நிற்கிறதா, நோயாளரைச் சரியான இடத்தில் படுக்கவைக்க உதவும் சுவர் லேசர்கள் 2 மில்லிமீற்றருக்குள் சந்திக்கின்றனவா, மாதச் சோதனையில் வெளியீடு 2 சதவீதத்துக்குள் வருகிறதா என்பதற்குப் பொறுப்பு இவர்தான். லேசர் விலகியிருந்து, படமெடுத்துச் சரிபார்ப்பதும் தவறிவிட்டால், அன்று படுத்த நோயாளர் அத்தனை பேருக்கும் கதிர் இடம் மாறி விழும். புத்தகம் படித்து மட்டும் இந்தப் பொறுப்பை ஏற்க முடியாது.

பெண்களுக்கு அதே முகவரகத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி புலமைப்பரிசில் 2020 முதல் உண்டு. அணுத்துறை சார்ந்த முதுமாணிக்குக் கட்டணமாக ஆண்டுக்கு 10,000 யூரோ வரை, வாழ்க்கைச் செலவுக்கு 10,000 யூரோ வரை, இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். கதிர்ச்சிகிச்சைப் பௌதிகமும் இதற்குள் அடங்கும்.

எம்.பி.பி.எஸ் முடித்தவர்களின் பாதை வேறு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பட்டப்பின் படிப்பு நிறுவகம் கதிரியக்கவியலிலும் புற்றுநோய்ச் சிகிச்சையிலும் எம்.டி நடத்துகிறது. தெரிவுப் பரீட்சை மூலமே நுழையலாம்.

ஆய்வுத் தலைப்பு

பெரிய தலைப்பை எடுத்து நடுவழியில் விடுவதைவிட, வேலை செய்யும் வைத்தியசாலையிலேயே சி.டி கதிரளவை ஆராயுங்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் குறைந்தது 20, முடிந்தால் 30 வளர்ந்த நோயாளரின் சி.டி.டி.ஐ (இயந்திரம் காட்டும் கதிரளவுச் சுட்டி), டி.எல்.பி (அந்தச் சுட்டியை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கியது) அளவுகளைத் திரையிலிருந்து எழுதுங்கள். உங்கள் நிலையத்தின் அளவு சராசரி அல்ல, இடையம். பல நிலையங்களின் இடையங்களை வரிசைப்படுத்தி மூன்றாம் காலணையை எடுத்தால் அதுவே ஒவ்வொரு நிலையமும் தன் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒப்பீட்டு மட்டம். நெஞ்சு சி.டி.யில் டி.எல்.பி.யை 0.014ஆல் பெருக்கினால் பயனுறு கதிரளவு ஏறத்தாழ மில்லிசீவேட்டில் வரும், தலைக்கு 0.0021.

இதில் மூன்று இடங்களில் பிழை வரும். மருந்து ஏற்றும் முன்னும் பின்னும் எடுத்த தொடர்களை ஒருவர் கூட்டி, மற்றவர் தனித்தனியாக எழுதினால் ஒப்பீடே கெடும். திரையில் வரும் அளவு 16 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சோதனை உருளைக்கா 32இற்கா என்று குறிக்காமல் விட்டால், சிறுவர் ஸ்கேன்களில் எண் இரு மடங்காகத் தோன்றும். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வருமுன் சேர்த்த தரவை ஆய்வில் சேர்க்க விடமாட்டார்கள். அனுமதிக் கடிதமும் பணிப்பாளரின் சம்மதமும் கையில் வந்தபின் தொடங்குங்கள்.

பத்திரங்கள்

பிறப்புச் சான்றிதழில் தமிழில் உள்ள பெயர், அடையாள அட்டை, பட்டச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஒவ்வொன்றிலும் வேறு ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருப்பது எங்கள் பக்கத்தில் வழமை. தந்தையின் பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும் மற்றதில் குடும்பப் பெயராகவும் நிற்கும். எல்லாம் ஒருவரே என்று சத்தியக்கடதாசி ஒன்றை இப்போதே முடித்து, பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே அவரிடம் எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகமானால், அதன் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அரச சேவையில் உள்ளவர் சம்பளத்தோடு கல்வி விடுமுறை எடுத்தால் கட்டாய சேவை உடன்படிக்கையில் கையொப்பமிட வேண்டும். எத்தனை வருடம், மீறினால் எவ்வளவு திருப்பிக் கட்டுவது, பிணை நிற்பவர் யார் என்பதை வீட்டில் பேசி முடித்த பிறகு பல்கலைக்கழகத்துக்கு முற்பணம் அனுப்புங்கள்.